கண் திறந்த படம்

செஞ்சி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள டெய்சி அக்காவுக்கு,

மடத்தில் உனக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். உறையின் மேல் அந்தப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே எனக்கு நீ டெய்சிதான்.

நைனா செத்த வருஷத்துக்கு அப்புறம் நான் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே, தீரவில்லை. அம்மாவை உயிரோடு பார்த்தவர்களில் நம் வீட்டில் மிச்சம் நீ ஒருத்திதான். உனக்குப் போனும் கிடையாது. அதனால் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

என் பிழைப்பு உனக்குத் தெரியுமோ தெரியாதோ. காந்தி பஜாரில் பேனர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சி எல்லாம் வரும், ஆனால் கண்ணீர் அஞ்சலிதான் அதிகம். செத்தவருக்குத் தனிப் படம் யார் வீட்டிலும் இருக்காது. போனில் மூவாயிரம் படம் வைத்திருப்பார்கள், எல்லாவற்றிலும் தோளில் யாராவது கை போட்டிருப்பார்கள். அந்தக் கையை அழித்து, பின்னால் மேகத்தைப் போட்டுக் கொடுப்பேன். என் வேலையில் பாதி இந்தக் கையை அழிக்கிற வேலைதான்.

வருகிற ஜூனில் அம்மாவுக்கு நாற்பதாவது வருஷம். கூடத்தில் மாட்டியிருக்கிற படத்தைப் பெரிதாக்கிக் கோயில் வாசலில் வைக்கலாம் என்று நினைத்தேன். அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரு படம்தானே. என் மகள் ஜெனிபர் அதைப் போனில் எடுத்து, பழைய படங்களை அசைய வைக்கிற ஏதோ ஒரு ஆப்பில் போட்டாள். கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்தோம். அம்மா கண்ணைச் சிமிட்டினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன் அக்கா, பொய் சொல்லவில்லை. அப்புறம் உதடு லேசாக அசைந்தது. அப்புறம் தலை மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. திரும்பும்போது காதுக்குக் கீழே, தாடையை ஒட்டி, விரல்கள் தெரிந்தன. சின்ன விரல்கள். தலையோடு சேர்ந்து அவையும் நகர்ந்தன.

ஜெனிபர் போனை மேசையில் போட்டுவிட்டாள். "டாடி, ஆயாவ யாரோ பின்னாடியிருந்து புடிச்சிக்கினு இருக்காங்க" என்றாள்.

இந்த ஆப்புகள் பச்சைக் குழந்தைக்குப் பல் முளைக்க வைக்கும், ஒரு கைக்கு ஆறு விரல் போடும். அப்படி ஏதோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. படத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, கடை ஸ்கேனரில் வைத்து வெளிச்சத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஆப் எதுவும் இல்லை, வெறும் படம்தான். காதுக்குக் கீழே பிரஷ்ஷால் பூசி மறைத்த தடம் இருக்கிறது. தினமும் கையை அழிக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா?

யார் கை அது? இதை மட்டும் சொல்.

தம்பி
சேசுராஜ்


கார்மேல் மடம்
20 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி சேசுராஜுக்கு,

ஆண்டவர் உன் வீட்டைக் காப்பாராக. கடிதம் கிடைத்தது. நீ எழுதியதே எனக்குப் போதும், கோபத்தோடு எழுதியிருந்தாலும்.

அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் எல்லாப் படத்திலும் பிரஷ் போடுவார்கள். அம்மைத் தழும்பை மறைப்பார்கள், கலைந்த முடியைச் சரிசெய்வார்கள். கறுத்த பெண்ணைச் சிவப்பாக்குவார்கள். அதில் தேடிப் பார்க்க எதுவும் இல்லை. அம்மாவை அந்த இயந்திரத்தில் மறுபடி போடாதே. செத்தவர்களைச் சிரிக்க வைப்பது மனிதர் வேலை அல்ல.

நாற்பதாம் ஆண்டுக்கு ஒரு பூசை வை. ஊரில் நாலு பேருக்குச் சோறு போடு. பேனர் வேண்டாம்.

தவக்காலத்தில், சாம்பல் புதனிலிருந்து பாஸ்கா வரை, நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, உனக்குத் தெரியும். அதற்குள் பதில் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மனைவி அமலாவுக்கு என் அன்பைச் சொல். ஜெனிபரைப் பயப்பட வேண்டாம் என்று சொல். அது யாருக்கும் தீங்கு செய்யாத கை.

செபத்துடன்
சகோதரி அமலோற்பவம்


செஞ்சி
2 மார்ச் 2025

அக்காவுக்கு,

மேலே "தேடிப் பார்க்க எதுவும் இல்லை" என்று எழுதுகிறாய். கீழே அந்தக் கையின் குணத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிறாய். மடத்தில் பொய் சொல்லிப் பழகவில்லை போலிருக்கிறது, நல்லதுதான்.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அமலாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் படத்தைப் பார்த்து எனக்குச் சின்ன வயசிலிருந்தே பயம். நைனா தினம் சாயந்திரம் என்னை இடுப்பில் தூக்கி, "அம்மா பாக்குறாங்க பாரு" என்று காட்டுவார். நானும் பார்ப்பேன். எல்லார் வீட்டிலும் செத்தவர்கள் சாந்தமாகப் பார்ப்பார்கள். நம் அம்மா என்னைப் பார்த்து மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பாள், எழுந்து ஓடப்போகிறவள்போல.

ஏன் என்று எனக்கு ஆறேழு வயசில் புரிந்தது. எதிர்வீட்டு மாரியம்மாள் அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்தப் பையனுக்குப் பாலு வாங்கத்தான் வரப்புமேல போனா, பாம்பு புடுங்கிடுச்சி." அன்றிலிருந்து எனக்குக் கணக்கு நேராகிவிட்டது. என்னால் செத்தவள் என்னைப் பார்த்தால் அப்படித்தான் பார்ப்பாள். எனக்கு நாற்பத்தொரு வயசு ஆகிறது. இன்னும் கூடத்தில் அந்தப் பக்கம் பார்த்துச் சாப்பிட மாட்டேன். கடையில் ஊரான் வீட்டுப் பிணத்துக்கெல்லாம் சிரிக்கிற முகம் செய்து கொடுக்கிறவன் கதி இது.

இப்போது அவளுக்குப் பின்னால் ஒரு கை வேறு இருக்கிறது. அவளை யாரோ பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்க்கச் சொல்லிப் பிடித்தார்களா? உயிரோடு எடுத்த படமா அது? எனக்குத் தெரிய வேண்டும். என் அம்மா என்னை எப்படிப் பார்த்தாள் என்று சொல்ல உன்னைவிட்டால் ஆள் இல்லை. நீயோ நைனா சாவுக்குக்கூட வராமல் மடத்துக் கம்பிக்குப் பின்னாலிருந்து செபம் மட்டும் அனுப்பினாய். அதற்கப்புறம் உன் மடத்துப் பார்வையாளர் அறைக்கு வந்து நான் பேசியது தப்புதான். ஆனால் பன்னிரண்டு வயசுப் பையனை விட்டுவிட்டு நீ கிளம்பினபோது நான் சிங்கவரம் ரோடு வரைக்கும் பஸ் பின்னாலேயே ஓடிவந்தேன். நீ ஜன்னலில் திரும்பியே பார்க்கவில்லை.

படம் எடுத்த துரைக்கண்ணுவின் ஸ்டூடியோ திருவண்ணாமலை ரோட்டில் இருந்ததே, அதை இடித்துவிட்டார்கள். செல்போன் கடை வரப்போகிறது. அவர் செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகன் கலியபெருமாள் சிங்கவரத்தில் கடலைப் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார். நெகட்டிவ் எல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டில் வைத்திருக்கிறாராம். போன வாரம்தான் புதுச்சேரியிலிருந்து இரண்டு பையன்கள் கழுத்தில் பழைய ஃபிலிம் கேமராவை மாட்டிக்கொண்டு கோட்டை பார்க்க வந்தார்கள். ரோல் எங்கே கிடைக்கும் என்று என் கடையில் வந்து கேட்கிறார்கள். "டிஜிட்டல்ல எல்லாம் பொய்ணா, ஃபிலிம்தான் உண்மை" என்றான் ஒருவன். எனக்கும் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருந்தது. திருவிழாவுக்குத் தலை வாரி, சட்டை மாட்டி, ஒரே ஒரு கிளிக்குக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, படம் கழுவி வருகிற வரைக்கும் தினமும் ஸ்டூடியோ வாசலை எட்டிப் பார்த்தது எல்லாம் ஞாபகம் வந்தது.

ஃபிலிம் உண்மை சொல்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சிங்கவரம் போகிறேன்.

சேசுராஜ்


செஞ்சி
30 மார்ச் 2025

அக்கா,

தவக்காலத்தில் நீ பதில் எழுத மாட்டாய். படிக்கத் தடை இல்லைதானே. படி.

நெகட்டிவ் கிடைத்துவிட்டது. துரைக்கண்ணு வருஷவாரியாகக் காகிதத்தில் சுற்றி ஊர்ப்பேர் எழுதி வைத்திருந்தார். "தொண்டூர் ஜோசப்ராஜ் சம்சாரம்" என்று நம் ஊரையும் நைனா பேரையும் பார்த்ததும் அந்தச் சுற்றை மட்டும் தனியாக எடுத்தேன். கலியபெருமாள் மோர் கொடுத்தார், குடிக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் கறுப்பெல்லாம் வெள்ளையாகத் தெரியும். அம்மாவுக்குப் பின்னால் வெள்ளையாக விரிந்திருந்தது, அதில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. கடைக்கு வந்து ஸ்கேனரில் திருப்பிப் போட்டதும் அது கறுப்புத் துணி என்று தெரிந்தது. நம் கோயிலில் சவப்பெட்டி மேல் விரிப்பார்களே, வெள்ளைச் சிலுவை தைத்த துணி, அதேதான்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இடுப்பில் சேலையால் நாற்காலியோடு கட்டியிருக்கிறது. கண் மூடியிருக்கிறது.

கண் மூடியிருக்கிறது அக்கா. நான் நாற்பது வருஷம் பயந்த கண் அதில் இல்லவே இல்லை.

அந்தத் துணிக்குள்ளிருந்து இரண்டு கை வந்து அம்மாவின் தலையை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்திருக்கிறது. சின்னக் கை. வளையல் போட்ட கை. கூடத்துப் படத்தில் இந்தக் கையெல்லாம் பிரஷ்ஷுக்கு அடியில் போய்விட்டது.

ஃபிலிம் துண்டில் பக்கத்திலேயே இன்னொரு படமும் இருக்கிறது. ஒரு சின்னப் பெண்ணின் முகம், ஸ்டூடியோ திரைக்கு முன்னால். எண்ணெய் வைக்காத தலை. அழுது வீங்கிய மூக்கு. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். அதை அப்படியே வெட்டி அம்மா முகத்தில் ஒட்டி, மறுபடி படம் பிடித்திருக்கிறார் துரைக்கண்ணு. கணினி எதுவும் இல்லாத காலத்தில் இந்த வேலை. நான்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டேன்.

இரண்டையும் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பெண்ணின் படத்தை இதோடு அனுப்புகிறேன். யாரென்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் யாரைப் பார்த்து அப்படி மிரண்டாள், அதைச் சொல். அம்மாவின் கண் நிஜத்தில் எப்படி இருக்கும், அதையும் சொல்.

சேசுராஜ்


கார்மேல் மடம்
22 ஏப்ரல் 2025

சேசு,

பாஸ்கா முடிந்து முதல் நாள் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதைக் கிழிக்காமல் அனுப்ப வேண்டும் என்று மடத்துத் தலைமைத் தாயாரிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே முகம் பார்க்கிற கண்ணாடி கிடையாது. வெளியில் இருக்கிறவர்கள் அதைப் பெரிய தியாகம் என்பார்கள். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. நீ அனுப்பிய படத்தைத் திருப்பிப் பார்க்க எனக்கு ஐந்து நாள் ஆனது.

அம்மா இறந்த மறுநாள் காலையில் கோயிலிலிருந்து நாற்காலி எடுத்து வந்தார்கள். அம்மாவுக்கு உயிரோடு ஒரு படம்கூட எடுத்ததில்லை. புதைத்துவிட்டால் முகமே இல்லாமல் போய்விடும் என்று நைனா துரைக்கண்ணுவை சைக்கிளில் கூட்டி வந்தார். உட்கார வைத்தால் தலை நிற்கவில்லை, தொங்கிக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் பின்னால் நின்றால் உருவம் தெரியும் என்றார் துரைக்கண்ணு. "பொண்ணு நிக்கட்டும், துணியப் போத்திடலாம்" என்று யாரோ சொன்னார்கள். என்னைக் கறுப்புத் துணிக்குள் விட்டார்கள்.

உள்ளே ஒன்றும் தெரியாது. சாம்பிராணி வாடையும் அம்மாவின் தலை எண்ணெய் வாடையும்தான். தலை அவ்வளவு கனக்கும் என்று நான் நினைக்கவில்லை. வெளியிலிருந்து துரைக்கண்ணுவின் குரல் கேட்டது: "ஆடாம புடி பாப்பா. ஒரே ஒரு படந்தான். ஆட்டிட்டினா அம்மா கலைஞ்சி பூடும்." நான் மூச்சுகூட விடவில்லை. எடுத்து முடித்துத் துணியை விலக்கின பிறகும் என்னால் விட முடியவில்லை. நைனா வந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனோம். நைனா உன்னை இடுப்பில் வைத்திருந்தார். "பையன் வளந்து அம்மா எங்கன்னு கேட்டா, செத்த மொகத்தையா காட்டுவேன்? கண்ணு தொறந்திருக்கணும்யா" என்றார். துரைக்கண்ணு என்னைப் பார்த்துவிட்டு, "பொண்ணு தாயி ஜாடைதானே, ஒக்காரச் சொல்லு" என்றார். என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். எனக்குக் கண் தாழ்ந்துகொண்டே இருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் நைனா நின்றார். நீ பாலுக்கு வீறிட்டு அழுதுகொண்டு நைனா சட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாய். "அங்க பாரு பாப்பா, தம்பியப் பாரு" என்றார் துரைக்கண்ணு. நான் உன்னைப் பார்த்தேன். எடுத்துவிட்டார்.

ஆகவே நீ பார்த்தது சரிதான். அந்தக் கண் உன்னைத்தான் பார்க்கிறது. உன்னைப் பார்த்துத்தான் மிரள்கிறது. எழுந்து ஓடத்தான் பார்க்கிறது. ஆனால் அது அம்மா இல்லை. இனிமேல் இந்தக் குழந்தை எனக்குத்தான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பன்னிரண்டு வயது. இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

அம்மா பால் வாங்கத்தான் போனாள். அதற்கு நீ என்ன செய்வாய்? ஒரு வயதுக் குழந்தை போ என்று சொல்லுமா? போகும்போது நீ என் இடுப்பில் இருந்தாய். "என் ராஜாவுக்கு இதோ வந்துட்டேன்" என்று உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மாரியம்மாள் அத்தை அதைச் சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்குத் தெரியாது.

பிறகு பதினோரு வருஷம் அந்தப் படத்துக்குக் கீழே உன்னை வளர்த்தேன். நான் அடித்தால் நீ ஓடிப்போய்ப் படத்திடம் "அம்மா, அக்கா அடிச்சிடுச்சி" என்று புகார் சொல்வாய். நீ புகார் சொன்னதும் என்னிடம்தான். நான் நிமிர்ந்து பார்த்தால் என் கண்ணே அம்மா முகத்திலிருந்து என்னைப் பார்க்கும். அந்தக் கூடத்தைத் தலை குனிந்தபடியேதான் பெருக்குவேன். நைனா உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். உனக்குச் சோறாக்கத் தெரிந்ததும் நான் கிளம்பிவிட்டேன். இறை அழைத்தல் இல்லாமல் வரவில்லை. ஆனால் அது மட்டும்தான் என்று சொன்னால் பொய். பஸ்ஸில் நான் திரும்பியிருந்தால் இறங்கியிருப்பேன்.

அம்மாவின் கண்ணைக் கேட்டாய். தவக்காலம் முழுக்க நினைத்துப் பார்த்தேன். குரல் ஞாபகம் இருக்கிறது. கன்னத்தைக் கிள்ளின கை ஞாபகம் இருக்கிறது. முகத்துக்கு வந்தால் அந்தப் படம்தான் வருகிறது, அதில் என் கண்தான் இருக்கிறது. அம்மாவின் கண்ணை நான் மறந்துவிட்டேன் சேசு. அந்தப் படத்தால் உனக்கு ஒரு அம்மா கிடைத்தாள். எனக்கு இருந்தவள் போய்விட்டாள்.

டெய்சி


செஞ்சி
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. எழுத உட்காருவேன், யாராவது செத்த வீட்டுக்காரர் பென்டிரைவோடு வந்து நிற்பார்.

நேற்று அம்மாவின் நாற்பதாம் ஆண்டுப் பூசை முடிந்தது. பேனர் வைக்கவில்லை. புதுச்சேரிப் பையன்களிடம் விசாரித்து, அவர்கள் படம் கழுவுகிற இடத்திலேயே நெகட்டிவைக் கொடுத்து, நல்ல காகிதத்தில் அம்மாவைப் போட்டு வாங்கினேன். கண் மூடியபடி, கறுப்புத் துணியோடு, இரண்டு கையோடு, அப்படியே. எதையும் அழிக்கவில்லை. அதைத்தான் பீடத்துக்குக் கீழே வைத்தோம்.

மாரியம்மாள் அத்தை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "இன்னாடா இது, ரஞ்சிதம் தூங்குறா மாரி இருக்குது?" என்றாள். "தூங்கறாங்கதான் அத்த" என்றேன். இன்னும் கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, "அந்தக் கை டெய்சி கைதானே? அந்த வளையலு நான்தான் தேர்த் திருவிழால வாங்கிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். ஊரில் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

கூடத்துப் படத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் சதுரமாக ஒரு வெளுத்த இடம் இருக்கிறது. முதல் இரண்டு நாள் சாப்பிடும்போது அந்தப் பக்கம் கண் போனால் எனக்கு உடம்பு கூசியது. படம் இருந்தபோது பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். இப்போது பழகிவிட்டது.

அந்தப் பெண்ணின் படம் கடையில் என் மேசைமேல் இருக்கிறது. வருகிறவர்கள் ஜெனிபரா என்று கேட்கிறார்கள். ஜெனிபருக்கும் இப்போது பன்னிரண்டுதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனைப் பார்ப்பாள், பொங்கி வழியும். அம்மாவைக் கூப்பிடாமல் இருட்டில் கொல்லைக்குப் போக மாட்டாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தையைக் கொடுத்து, இனிமேல் இது உன்னுடையது என்று சொல்வதாக நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே முடியவில்லை அக்கா. உன்மேல் இத்தனை வருஷம் கோபப்பட்டேன், அதெல்லாம் பஸ் ஏறிப்போன பெரிய மனுஷிமேல். இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. தினமும் பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்கவில்லை.

இன்று ஞாயிறு, கடை மூடல். தனியாகத் திறந்து உட்கார்ந்தேன். சின்ன வயசுப் பழக்கம் போகவில்லை, அந்தப் படத்திடம் பேசினேன். முதலில் புகார்தான் வாயில் வந்தது. அப்புறம் வேறு மாதிரிப் பேசினேன். பாப்பா, நீ எழுந்திரு என்றேன். நான் நைனா இடுப்பில்தான் இருக்கிறேன், விழ மாட்டேன். பால் யாராவது கொடுப்பார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, ஓடிப்போ. நான் அழ மாட்டேன் என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அதற்காக நீ திரும்பிப் பார்க்காதே அக்கா. ஓடு.

உன்
சேசு